வயிற்றைப் பார்த்துச் செய்த படகு

காட்டு நடுவே ஓர் ஏரி. கோடை வந்தால் அது வற்றிப்போய், ஆழமான மடு ஒன்றில்தான் மீன் மிஞ்சும். அதனால் மழை ஓய்ந்ததும் அங்கே விசைப்படகுப் பந்தயம் நடக்கும். ஜெயித்தவருக்கே கோடை முழுதும் மடு. விசை என்றால் வேறொன்றுமில்லை, படகின் பின்னால் தொங்கியபடி உதைக்கும் தவளைகள்தான்.

மொழுக்கன் என்ற நீர்நாய்க்கு இரண்டு குட்டிகள். போன கோடையில் அவை வெறும் நண்டு ஓட்டை நக்கிக் கிடந்ததை அது மறக்கவில்லை. இந்தமுறை ஜெயித்தே தீருவதென்று படகு கட்ட உட்கார்ந்தது. அடிப்பாகத்தை எப்படி அமைப்பது? சேற்றில் வயிற்றால் சறுக்கிப் பார்த்தது. வழுக்கிக்கொண்டு போனது.

“இதைவிட நல்ல அச்சு எங்கே கிடைக்கும்?” என்று வயிற்றைத் தட்டிக்கொடுத்தது. படகின் அடியைத் தட்டையாகச் செதுக்கியது. தன் வயிறு தட்டை என்பது அதன் எண்ணம். சாப்பிட்ட பிறகு அதைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

தன் வளைக்கு முன்னால், நாணல் சூழ்ந்த அசையாத தண்ணீரில் படகை விட்டது. தவளைகள் உதைத்ததும் அது தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது.

சிலுப்பி என்ற வாத்து எட்டிப் பார்த்தது. அதன் படகின் அடி, அதன் நெஞ்சைப் போலவே நடுவில் கூராக இறங்கியிருக்கும்.

“வேகம் சரிதான் மொழுக்கண்ணே. நடு ஏரியிலே ஒருதடவை ஓட்டிப் பாத்தீங்களா?”

“எதுக்கு? அங்கேயும் தண்ணிதானே இருக்கு?”

“எல்லாப் படகும் ஓடினா அலை கிளம்புமே.”

“அலையெல்லாம் என் பின்னாலே வர்றவங்களுக்கு, தாயி. எனக்கு முன்னாலே யார் இருக்கப் போறா?”

சொன்னபடியே பந்தயத்தில் மொழுக்கன்தான் முன்னால் போனது. ஏரிக்குள் நின்ற பட்டமரத்தைச் சுற்றிக் கரைக்குத் திரும்பியது. அப்போதுதான் தெரிந்தது, பின்னால் விட்டுவந்த அலை முழுதும் இப்போது எதிரே வந்துகொண்டிருந்தது!

தட்டை அடியில் அலை படீர் படீரென்று அறைந்தது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. தவளைகள் காற்றை உதைத்தன. படகு குப்புறக் கவிழ, மொழுக்கன் வயிறு அடிபட விழுந்தது. அச்சுக்கும் படகுக்கும் ஒரே நேரத்தில் அடி. சிலுப்பியின் படகு அலையைக் கிழித்துக்கொண்டு, அவசரமில்லாமல் முதலில் கரை சேர்ந்தது.

மொழுக்கனுக்குக் குட்டிகளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. சிலுப்பி பக்கத்தில் வந்தது.

“குட்டிகளைக் கூட்டிக்கிட்டு மடுவுக்கு வாங்கண்ணே. ஆனா ஒண்ணு. நீங்க விழுந்த கதையைத் தினம் சாயந்திரம் எங்களுக்குச் சொல்லணும்.”

முதல் நாள் மொழுக்கன் முணுமுணுத்தது. போகப் போக, விழுந்ததை நடித்தே காட்டியது. “என் படகுக்கு இன்ஜினியர் இவர்தாங்க!” என்று வயிற்றைத் தட்டும்போது, மீன் தின்று கொழுத்த குட்டிகள் புரண்டு புரண்டு சிரிக்கும். அவற்றைவிடப் பலமாக மொழுக்கன் சிரிக்கும்.

அசையாத தண்ணீரில் கண்ட வேகத்தை நம்பி அலைக்குள் இறங்குகிறவர், தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.