சம்மணம் போட்டு ஓட்டிய விமானம்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு முப்பத்தாறு. சீடர் வாழ்க்கையில் பாதியை விமானப்படையில் போர் விமானம் ஓட்டியே கழித்தவர். குரு ஒரு நாள்கூட விமானத்தில் ஏறியதில்லை, பயணியாகக்கூட. இதில் யார் யாருக்குப் பாடம் எடுப்பது என்று கேட்டால் எவரும் சிரிப்பார்கள். சீடரும் முதலில் சிரித்தவர்தான்.

குருவின் பெயர் கோகிலவாணி. கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் கம்ப்யூட்டருக்குள் போர் விமானம் செய்துகொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர். வீடியோ கேம்தானே என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "உக்காந்து பாருங்க" என்பார். அதற்கு மேல் வாதம் கிடையாது.

சீடர் ரத்தினசபாபதி, விங் கமாண்டராக இருந்தவர். காதுக்குள் ஏதோ கோளாறு வந்து அவ்வப்போது தலை சுற்ற ஆரம்பித்ததும் டாக்டர்கள் அவரை ஆகாயத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். இனி எந்த விமானத்தையும் ஓட்டக் கூடாது. அவர் ஓட்டிய பழைய ஒற்றை என்ஜின் ஜெட்டுக்கும் அதே வருடம் ஓய்வு கொடுத்தார்கள். அவருடைய படைப்பிரிவில் அந்த விமானத்துக்கு மௌஸி என்று செல்லப் பெயர். இந்தியில் சித்தி. கொஞ்சவும் செய்யும், கொஞ்சம் அசந்தால் அறையவும் செய்யும்.

கோகிலவாணி செய்துகொண்டிருந்தது அதே மௌஸியை. கொஞ்சம் சந்தேகம் கேட்க வேண்டும், வருவீர்களா என்று போன் வந்தபோது, அந்தப் பெண்ணுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, இதெல்லாம் ஏட்டில் வராது என்று புரியவைத்துவிட்டு வரலாம் என்றுதான் ரத்தினசபாபதி கிளம்பினார்.

மாடியில் மூன்று திரைகள். நடுவில் ஒரு இருக்கை. அது உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பஸ் டிரைவர் சீட். முன்னால், விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக், கீழே பட்டறையில் கடைந்தது. அடியில் இரண்டு பெடல்கள்.

"இதுதான் உன் விமானமாம்மா?" என்றார்.

"உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்தார். என்ஜினைக் கிளப்புமுன் எரிபொருள் பம்ப் சுவிட்சைப் போட வேண்டும். அதைப் போடாமலே கிளப்பினார். பொம்மை என்றால் கிளம்பிவிடும், அங்கேயே வைத்துப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. என்ஜின் சுற்றியது, முனகியது, அப்படியே அடங்கியது. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எரிய வேண்டிய அதே விளக்கு.

சரி என்று முறைப்படி கிளப்பினார். வெப்பமானியின் முள் மெல்ல ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, பிறகு ஏறியது. அந்தத் தயக்கம் அவருக்குத் தெரியும். எத்தனையோ காலைகளில் அந்த முள் நகரட்டும் என்று காத்துக்கிடந்தவர் அவர். மேலே போய் வேகத்தைச் சட்டென்று கூட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மௌஸி ஒரு இருமல் இருமினாள். அவசரப்பட்டால் இருமுவாள். எப்போதும் அப்படித்தான்.

தரையிறங்கும்போது சக்கரத்தைக் கீழே விட்டார். சக்கரம் இறங்கியதைச் சொல்லும் விளக்கு எரிவதற்கு முன்பே இருக்கைக்கு அடியில், இடது பக்கம், டொக்கென்று ஒரு தட்டு. நிஜ மௌஸியும் அப்படித்தான் தட்டுவாள்.

ரத்தினசபாபதி ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசி காற்று என்று சொன்னார். அந்த அறையில் ஏசி இல்லை.

"நீ எத்தனை தடவம்மா பறந்திருக்க?"

"பறந்ததே இல்லீங்க சார்."

"அப்புறம் இதெல்லாம் எப்படி?"

"ஓட்டுனவங்ககிட்டக் கேப்பேனுங்க."

"கேட்டா சொல்லிடுவாங்களா?"

"வாய் எல்லாத்தையும் சொல்லாதுங்க. கேட்டுட்டே பார்த்துட்டு இருக்கணும்."

மறுநாளும் ரத்தினசபாபதி வந்தார். அதற்கு மறுநாளும். கோகிலவாணி விமானத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மேகத்துக்குள் நுழையும்போது தோள் என்ன செய்யும், குண்டைக் கழற்றி விட்டதும் வயிறு என்ன செய்யும் என்று கேட்டார். அவர் கண்ணை மூடி யோசித்துச் சொல்வார். அந்த அம்மாள் அதைக் காற்றாகவும் எடையாகவும் மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் வைப்பார். அந்த வித்தையை இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். தப்பாகச் செய்து திட்டும் வாங்கினார். ஏம்மா என்ற அழைப்பு எப்போது மேடம் ஆனது என்று அவருக்கே தெரியாது.

பாதி முடிந்த விமானத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார். பூனாவில் இருக்கிற மகள் ஒரு சின்ன ஸ்டிக் வாங்கி அனுப்பியிருந்தாள். அதைச் சாப்பாட்டு மேஜையில் பொருத்தி வைத்துக்கொண்டு ஓட்டினார். தட்டு வைக்க இடமில்லாமல் போனது வேறு கதை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எதிரி விமானத்தைத் துரத்தி, வேகம் நன்றாகக் குறைந்த நிலையில் சின்ன வட்டமாக இறுக்கித் திரும்பினார். விமானத்தின் மூக்கு இடதுக்கும் வலதுக்கும் ஆடியது. ஒரு இறக்கை சரிந்தது. மௌஸி குட்டிக்கரணம் போட்டு விழுந்தாள்.

மறுபடி ஓட்டினார். மறுபடி விழுந்தாள்.

ஒரு வாரம் ஓட்டினார். இந்தத் திருப்பம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த திருப்பம். இளம் பைலட்டுகளுக்கு இதைச் செய்து காட்டுவதற்கென்றே அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அதில் ஒருநாளும் மூக்கு ஆடியதில்லை. இப்போது ஒரு தடவைகூட ஆடாமல் வரவில்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம் வந்தது. விமானம் பொய் என்றால் பிரச்சினை இல்லை, திருத்திவிடலாம். விமானம் நிஜம் என்றால் அவர் கை போய்விட்டது என்று அர்த்தம். காது போயிற்று, ஆகாயம் போயிற்று, கை மட்டும் இருக்கிறது என்றுதான் அவர் இத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் விமானத்தை வெளியிடுவதாக இருந்தது. காலையிலேயே மாடி ஏறினார்.

"ஒரு தப்புத் திருத்தணும் மேடம்."

"சொல்லுங்க சார்."

"மெதுவா இறுக்கித் திரும்பறப்ப மூக்கு ஆடுது."

"ஆமாங்க, ஆடும்."

"என் மௌஸி ஆடவே ஆடாது."

அந்த ஆட்டத்தைக் கொண்டுவர கோகிலவாணி இரண்டு வருடம் மெனக்கெட்டிருந்தார்.

"சரிங்க. நீங்க தப்புன்னு சொன்னா எடுத்துடறேன். ஓட்டுனது நீங்கதானே."

சண்டை போடத் தயாராக வந்தவருக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தால், தான் சொன்னது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும் இல்லையா? அவருக்கு வந்தது.

"எடுக்கறதுக்கு முந்தி ஒருக்கா இங்க ஓட்டிக் காட்டிடுங்க சார்" என்றார் கோகிலவாணி.

ரத்தினசபாபதி பஸ் சீட்டில் உட்கார்ந்தார். மேலே ஏறினார், வேகத்தைக் குறைத்தார், ஸ்டிக்கை இழுத்து இறுக்கினார்.

மௌஸி திரும்பினாள். மூக்கு கொஞ்சமும் ஆடவில்லை. பழைய நாட்களில் போலவே பவ்யமாக, அவர் சொன்ன இடத்துக்குத் திரும்பினாள்.

"எடுத்துட்டீங்களா?"

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

"வீட்டுல ஆடுச்சே."

"அதே விமானந்தானுங்க."

"அப்ப அந்த ஸ்டிக் மட்டம். மக வாங்கி அனுப்புனது, விலை குறைச்சல்."

"இருக்கலாங்க." கோகிலவாணி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "சார், இன்னொருக்கா அதே மாதிரி திரும்புங்க. இந்தத் தடவ ரெண்டு காலையும் மேல தூக்கி, சம்மணம் போட்டு உக்காந்துக்கங்க."

"எதுக்கு?"

"சும்மாதானுங்க."

"மேடம், ஜெட்டுல காலுக்கு வேலையே கிடையாது. ஓடுபாதையில திருப்பறதுக்குத்தான் பெடல். மேல போயிட்டா கால் பாட்டுக்கு சும்மா கிடக்கும். எத்தனை பசங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

"சும்மா கிடக்கற காலு கீழ கிடந்தா என்னங்க, மேல கிடந்தா என்னங்க?"

ரத்தினசபாபதி செருப்பைக் கழற்றினார். முழங்கால் இரண்டும் சத்தம் போட, பஸ் சீட்டில் சம்மணம் போட்டார். விங் கமாண்டராக இருந்தபோது யாராவது இந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார். கீழே பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

அதே உயரம். அதே வேகம். அதே ஸ்டிக், அதே கை. இறுக்கினார்.

மூக்கு இடதுக்கு ஆடியது, வலதுக்கு ஆடியது. இறக்கை சரிந்தது. மௌஸி சுழன்றுகொண்டே வந்து தரையில் மோதினாள்.

திரை கறுத்தது. வீட்டில் ஒரு வாரமாக விழுந்த அதே விழுதல். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பெடல் இல்லை.

ரத்தினசபாபதி மெல்லக் கால்களை இறக்கிப் பெடலில் வைத்தார். மறுபடி மேலே ஏறினார். திரும்பினார். மூக்கு ஆடவில்லை. இந்தத் தடவை அவர் திரையைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தார்.

இடது கால் ஒரு துளி அழுத்தியது. விட்டது. வலது கால் ஒரு துளி. மறுபடி இடது. அவரைக் கேட்கவில்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே காய் நறுக்குகிற தாயின் கால் மாதிரி அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வாலில் இருக்கிற சுக்கான் அந்தத் துளிக்குத் துளி திரும்பி, ஆடப் போகிற மூக்கை ஆடுவதற்கு முன்பே பிடித்து நிறுத்தியது.

அவர் பார்ப்பது தெரிந்ததும் கால்கள் கூச்சப்பட்டன. ஒரு அழுத்தம் தப்பியது. மூக்கு லேசாக ஆடியது. அவர் அவசரமாக நிமிர்ந்து திரையைப் பார்த்தார். கால்கள் மறுபடி ஒழுங்காயின.

பத்திரமாக இறக்கி நிறுத்தினார். சக்கரத்தை விட்டபோது இடது பக்கம் அந்தத் தட்டு கேட்டது.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? நான் சொல்லலையே. எனக்கே தெரியாதே."

"நீங்க மட்டும் இல்லீங்க, கேட்ட பைலட்டு எல்லாரும் காலுக்கு வேலையில்லன்னுதான் சொன்னாங்க. சரின்னு நானும் அப்பிடியே செஞ்சேன். அப்புறம் ஒரு மியூசியத்துல இந்த விமானத்த வெச்சிருக்காங்கன்னு போனேன். ஏணி போட்டு உள்ள பாக்க விட்டாங்க."

"என்ன இருந்துச்சு?"

"ரெண்டு பெடலும் தேஞ்சு போயி, கால் வழுக்காம இருக்கப் போட்ட கோடெல்லாம் அழிஞ்சு வழவழன்னு கிடந்துச்சுங்க. ஓடுபாதையில மட்டும் மிதிச்சா அப்பிடித் தேயாதுங்க."

ரத்தினசபாபதி பெடலை விட்டுக் காலை எடுக்கவில்லை. வெறுங்காலின் அடியில் அது சில்லென்று இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் இருந்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"கை போயிடுச்சுன்னு நினைச்சேன் மேடம். அதுவும் போயிடுச்சேன்னு."

கோகிலவாணி திரையை அணைத்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஆட்டத்த எடுத்துடட்டுங்களா சார்?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." சொல்லிவிட்டும் அவருக்கு ஆறவில்லை. இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டார். "இத்தனை வருஷம் அவளை ஓட்டியிருக்கேன். ஒரு நாள்கூட அவ ஆடி நான் பாத்ததில்லையே மேடம்?"

"தினமும் ஆடியிருப்பாளுங்க சார்" என்றார் கோகிலவாணி. "நீங்க ஆட விட்டதில்ல."