இரண்டாவதாக வந்த டிஸ்க்

நாகர்கோவிலில் பெனட்டும் அவர் மனைவி டெய்சியும் நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க். ஊர்க் கல்யாணம் மொத்தமும் அதன் தலையில்தான். ஓடி ஓடி முனக ஆரம்பித்திருந்தது, பாவம்.

"இனி என்னால ஏலாதுடே," என்றது பக்கத்து ஃபேனிடம்.

"நான் மட்டும் ஆசைக்கா சுத்துறேன்? தூசி மூச்சை அடைக்குது," என்றது ஃபேன்.

ஒருநாள் மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். புது டிஸ்க் ஒன்றை அடுத்த தட்டில் திருகி, கேபிளைச் செருகினார். "அக்கா, இனி படமெல்லாம் இந்தப் புதுசுல போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழையதற்கு அழுகையே வந்துவிட்டது. "வா மக்கா, வா. உனக்காகத்தான் உயிரைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"நீங்க ஓய்வெடுங்க அண்ணாச்சி. இனி நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாளே கல்யாணப் படங்கள் வந்தன. "எங்க போட?" என்றாள் டெய்சி.

"டெஸ்க்டாப்புலயே போடு. திறந்ததும் கண்ணுல படணும்."

டெஸ்க்டாப்பில் போடுவதெல்லாம் பழைய டிஸ்க்கின் முதுகில்தான் ஏறுகிறது என்று பெனட்டுக்குத் தெரியாது. திரையில் தெரிவது திரையிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர். அடுத்த கல்யாணமும் அங்கேதான் போனது. அதற்கடுத்ததும்.

"ஒண்ணையாவது இங்க தள்ளுங்க அண்ணாச்சி. சும்மா இருந்தே சலிச்சுப்போச்சு," என்றது புது டிஸ்க்.

"நாமளா தள்ள முடியாது மக்கா. அவங்க சொன்னாத்தான் உண்டு."

பிறகு ஒரு காலையில் ஜெனிஷா வந்தாள். போன மாதக் கல்யாணப் பெண். மறுவாரமே அவள் அப்பா இறந்துவிட்டார். அவரோடு நின்று எடுத்த கடைசிப் படம் அவளுக்கு வேண்டும்.

'இந்த ஒண்ணையாவது கொடுத்திரணும்' என்று பழைய டிஸ்க் எழும்பப் பார்த்தது. டக், டக் என்றது. அதோடு நின்றுவிட்டது.

மெக்கானிக்குக்குப் போன் போயிற்று. அவர் வந்து பார்த்து, "உசிரு போயிட்டு அண்ணே, இனி எடுக்க முடியாது," என்றார்.

பெனட் கொஞ்சமும் கலங்கவில்லை. "அதான் ரெண்டாவது போட்டோம்லா! அதுல பாரும்."

மெக்கானிக் புதியதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது அது.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் தரலையே," என்று புதியது முனகியது. அது யார் காதில் விழும்?

ஜெனிஷா இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டாவது போட்டோமேடீ," என்றார் பெனட் மறுபடியும், இம்முறை டெய்சியைப் பார்த்து.

"போட்டோம்," என்றாள் டெய்சி. "அதுக்கு எதையாவது கொடுத்தோமா?"