நாளைத் தின்ற முதலை

கேளுங்கள். மிருகங்கள் மனிதரோடு பேரம் பேசிய அந்தக் காலத்தில், மாணிக்கபுரி ராஜ்ஜியத்தில் காத்தான் என்றொரு ஓடக்காரன் இருந்தான். காலையில் அக்கரை, மத்தியானம் இக்கரை, சாயந்தரம் வீடு. அவனைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுவே வினையாகப் போயிற்று.

ஒருநாள் பிள்ளைத்தாச்சி மனைவி சடைச்சியை ஏற்றிவரும்போது, நடு ஆற்றில் ஒரு மந்திர முதலை ஓடத்தைக் கவ்வியது.

"விட்டுடு சாமி. என்ன கேட்டாலும் தர்றேன்" என்றான் காத்தான்.

"நேற்றைப் போலவே கழிகிற நாளை எனக்குக் கொடு. அது உன் ஞாபகத்தில் நிற்காது. புது நாள் உனக்கே. தினமும் சாயந்தரம் வந்து கேட்பேன், நீயே சொல்லு."

ஒரே மாதிரி நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று தலையாட்டினான். சல்லிசாகத் தப்பித்தோம் என்று சந்தோஷம் வேறு, பாவிக்கு.

அன்று முதல் சாயந்தரம் தவறாமல் முதலை தலை தூக்கும்.

"நேற்றைப் போலத்தானே?"

"நேற்றைப் போலத்தான்."

லபக்.

நாக்கு பழகிவிட்டது. மகள் பூவாயி பிறந்த அன்றும் கேட்டது. "நேற்றைப் போலத்தான்." லபக். அவள் பெரியவளான அன்றும் கேட்டது. "நேற்றைப் போலத்தான்." லபக். பிறகு சடைச்சி காய்ச்சலில் செத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அன்றும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத்தான் போனான். முதலை கேட்டது. அதையேதான் சொன்னான்.

ஒரு சாயந்தரம் துறையில் ஒரு பெண் நின்றாள்.

"யாரம்மா நீ? சீக்கிரம் ஏறு. வீட்ல பிள்ளைத்தாச்சி தனியா இருக்கா."

"நான் உங்க மக, அப்பா. அம்மா செத்து ஆறு வருஷமாச்சு. தினமும் இதையேதான் கேக்கறீங்க, நானும் இதையேதான் சொல்றேன். விடிஞ்சா மறுபடி மறந்துடுவீங்க."

காத்தான் ஓடத்திலேயே இடிந்து உட்கார்ந்தான். முதலை கேட்பதைத் துறையில் நின்று கேட்டே வளர்ந்தவள் அவள். ஏறித் துடுப்பை வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு வீட்டுக்கு வேண்டாம்" என்று ஓடத்தை ஆற்றின் போக்கில் விட்டாள்.

அந்த ஆறு கடலில் சேருகிறது என்று அவனுக்குத் தெரியும். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. முகத்துவாரத்தில் முதலை தலை தூக்கியது.

"நேற்றைப் போலத்தானே?"

"நே..." என்று நாக்கு எழும்பிவிட்டது. அதற்குள் ஓர் அலை வந்து அவன் முகத்தில் அறைந்தது. வாயெல்லாம் உப்பு.

"இல்லை" என்றான். "இது கரிக்குது. இந்த நாள் என்னோடது."

பதினெட்டு வருஷமாய்க் கேளாத பதில் அது. முதலை துடித்துப் புரண்டு வயிறு வெடித்துச் செத்தது. தின்ற நாட்களெல்லாம் தண்ணீரில் மிதந்தன.

காத்தான் பாய்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஆயிரமாயிரம் நாட்கள், எல்லாம் ஒரே நாள். எல்லாவற்றிலும் கஞ்சிக் கலயம் நீட்டும் ஒரு கை இருந்தது. முகம் இல்லை. அவன் நிமிர்ந்தே பார்க்காத முகம் அதற்குள் எப்படி இருக்கும்? நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு மகளின் முகத்தைப் பார்த்தான். வெளிச்சம் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"உன் பேரென்னம்மா?"

"பூவாயி."

மறுநாள் விடிந்ததும், "பூவாயி" என்று அவனாகவே கூப்பிட்டான். அவள் கும்பிட்ட சாமி அவளுக்கு அதையாவது கொடுத்தது. சடைச்சியின் முகம் மட்டும் கடைசிவரை அவனுக்கு வரவேயில்லை.