எல்லாம் இருக்கிறதா?

"இந்தத் தையிலும் நான் கரையில்தானா, சாமி?"

செவந்திலிங்கம் கேட்டார். நாணல் சாமி நிமிரவில்லை. துடுப்பில் விழுந்திருந்த பிளவுக்கு அரக்கு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாமிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். செவந்திலிங்கத்துக்கு ஐம்பத்தைந்து. இளையவரிடம் சீடராக இருப்பது அவரை ஒருநாளும் உறுத்தியதில்லை. கரையில் நிற்பதுதான் உறுத்தியது.

ஆண்டுக்கு ஒரு முறை சாமி ஓடத்தில் மேல்காட்டுக்குப் போவார். கூட ஒரே ஒரு சீடர். ஆற்றை எதிர்த்துப் பல நாள் பயணம். வழியில் ஊர் கிடையாது. ஓடத்தில் இருப்பதுதான் சோறு, அதுதான் போர்வை, அதுதான் கூரை. ஆறு பிறக்கும் சுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீடர் ஒரு கேள்வி கேட்கலாம். எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

போய்வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சிரிப்பதோடு சரி.

"சாமி, கேட்டேனே."

"காதில் விழுந்தது. மூட்டையைக் கட்டிக் காட்டும் ஓய்."

அதுதான் வழக்கம். போக விரும்புகிறவர் ஓடத்தில் சாமான்களை ஏற்றிக் கட்ட வேண்டும். சாமி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓடத்தைக் கவிழ்ப்பார். பிறகு நிமிர்த்துவார். அவ்வளவுதான் சோதனை.

முதல் வருஷம் செவந்திலிங்கம் அரிசி மூட்டையை மேலே வைத்தார். சாமி கை வைப்பதற்கு முன்பே ஓடம் கவிழ்ந்துவிட்டது. அடுத்த வருஷம் பானை உருண்டு ஓடியது. அதற்கடுத்த வருஷம் எல்லாம் நின்றது, கோடாரி மட்டும் மூழ்கிப் போனது. சாமிதான் முங்கி எடுத்து வந்தார்.

"கோடாரிக்கு நீச்சல் தெரியாது ஓய்" என்றார் அப்போது.

இந்த வருஷம் அப்படி எதுவும் நடக்காது. கனமானவை அடியில், நடுவில். இலேசானவை இரண்டு முனைக்கும். நூல்கயிறு நனைந்தால் இறுகும் என்று கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொன்றையும் தார்ப்பாயில் சுற்றி, குறுக்குக் கட்டைகளோடு சேர்த்து இழுத்துக் கட்டினார். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. கடைசியாக, பாதி நிறைந்த உப்பு டின்னை மெழுகு வைத்து மூடி, விளிம்போரம் செருகினார்.

சாமி கவிழ்த்தார். நிமிர்த்தினார். ஒரு கயிறுகூட அசையவில்லை.

கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன், "அடேங்கப்பா அண்ணாச்சி! இதைப் பிரிக்க ஆசாரியைத்தான் கூப்பிடணும்" என்றான். அவன் மடத்துச் சமையல்காரன்.

செவந்திலிங்கம் சாமியின் முகத்தையே பார்த்தார்.

"நன்றாகக் கட்டியிருக்கிறீர்" என்றார் சாமி.

"அப்படியானால் புறப்படலாமா?"

"இல்லை."

"ஏன்?"

சாமி துடுப்பை எடுத்து அரக்கு காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தார்.

செவந்திலிங்கம் ஆவுடையப்பனைக் காட்டினார். "போன வருஷம் இந்த ஆவுடையப்பனை நடு ஆற்றில் வைத்துக் கவிழ்த்தீர்கள். இவன் கட்டியதில் பாதி ஆற்றோடு போய்விட்டது. ஆனாலும் இவனைத்தான் கூட்டிப் போனீர்கள்."

"ஆமாம்."

"இவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"ஆமா அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன். "கவிழ்ந்ததும் சாமீ சாமீன்னு நான் போட்ட கூச்சலில் அக்கரைக் குரங்கெல்லாம் ஓடிப் போச்சு. வேறென்ன செய்தேன்? ஒண்ணும் செய்யலை."

என்ன கணக்கு இது? செவந்திலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. கோபத்தைவிட அந்தப் பிடிபடாமைதான் அவரை அரித்தது.

ஊரில் அவர் அரிசி மண்டியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அவர் காலத்தில் ஒரு மூட்டை காணாமல் போனதில்லை. பெருவெள்ளம் வந்தபோது இரவும் பகலும் கிடங்கிலேயே இருந்து அத்தனை மூட்டையையும் பரணில் ஏற்றினார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை மறுநாள்தான் போய்ப் பார்த்தார். மண்டிக்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். அடுத்த மாதம் அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

எதையும் தொலைக்காதவன் வீட்டில் ஏன் யாரும் தங்கவில்லை?

சுனைக்குப் பக்கத்தில் கேட்க அவர் வைத்திருந்த கேள்வி அதுதான்.

"என்னையும் நடு ஆற்றில் வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள்" என்றார். குரல் அவரை மீறி உயர்ந்தது. "அதோ அந்த மடுவில். நாம் இரண்டு பேரும் உள்ளே இருக்கும்போது. ஒரு சாமான் தவறினாலும் நான் இனி வாயைத் திறக்கவில்லை."

சாமி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குறுகுறுப்பு இருந்தது.

"ஏறும்" என்றார்.

மடுவில் ஆறு பச்சையாக, ஓசையில்லாமல் கிடந்தது. ஆழம் தெரியவில்லை. சாமி முன்முனையில் உட்கார்ந்தார். செவந்திலிங்கம் பின்முனையில்.

"பயமாக இருக்கிறதா ஓய்?"

"கயிற்றைப் பற்றியா? இல்லை."

சாமி சிரித்தார். சிரித்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

வானம் புரண்டது. காதுக்குள் தண்ணீர் இரைந்தது. செவந்திலிங்கம் கையைக் காலை உதைத்து மேலே வந்தார். தும்மினார். கவிழ்ந்த ஓடம் எருமை முதுகு மாதிரி கறுப்பாக மிதந்துகொண்டிருந்தது. தாவிப் பிடித்தார். விளிம்புக்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

அரிசி இருந்தது. அவல் இருந்தது. கம்பளி, பானை, கோடாரி. உப்பு டின்.

"எல்லாம் இருக்கு!" என்று கத்தினார். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆவுடையப்பா, பார்! எல்லாம் இருக்கு!"

ஆவுடையப்பன் எழுந்து நின்றான். அவன் மடியிலிருந்த வெங்காயங்கள் உருண்டு தண்ணீரில் விழுந்தன.

"அண்ணாச்சி, சாமி எங்கே?"

செவந்திலிங்கம் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் துடுப்பு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

முங்கினார். பச்சை இருட்டு. கையில் பாசி வந்தது. மூச்சு முட்டி மேலே வந்தார். மறுபடியும் முங்கினார். கூழாங்கல் வந்தது.

"சாமி!"

அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை.

டொக். டொக்.

ஓடத்துக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

ஓடத்தைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. அத்தனை சாமானும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப் போய் முன்முனையில் நுழையலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூட்டைகளுக்கு நடுவே கையைத் திணித்தார். கை நுழையவில்லை. விரல்கூட நுழையவில்லை. விரல் நுழையாதபடி கட்டியவர் அவர்தான்.

முடிச்சை நகத்தால் நெம்பினார். நகம் பிய்ந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். கடித்தார். மூச்சு வாங்கினார். மறுபடியும் கடித்தார். கயிறு விட்டது. உப்பு டின்னைப் பிடுங்கி எறிந்தார். அது இருந்த இடத்தில் ஒரு பொந்து கிடைத்தது.

தோள்வரை கையை விட்டார். ஈரமாக, மடங்கலாக ஏதோ ஒன்று கையில் பட்டது. இறுகப் பிடித்தார்.

"அது என் காது ஓய்" என்றது சாமியின் குரல். உள்ளே தங்கியிருந்த காற்றில் அது பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

காதை விட்டார். ஒரு கை வந்து அவர் கையைப் பற்றியது. வெதுவெதுப்பாக இருந்தது.

செவந்திலிங்கம் ஓடத்தின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். கண்ணில் வழிந்தது எல்லாம் ஆற்றுத் தண்ணீர் இல்லை.

"அண்ணாச்சி! உப்பு போகுது! உப்பு டின் போகுது, பிடியுங்க!" ஆவுடையப்பன் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தான்.

டின் வெயிலில் மின்னிக்கொண்டே வளைவைத் தாண்டியது.

உள்ளேயிருந்து சாமி கேட்டார்:

"எல்லாம் இருக்கிறதா?"

செவந்திலிங்கம் வளைவுப் பக்கம் திரும்பவில்லை. கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"இருக்கிறது."



"நாளை விடியலில் புறப்படுவோம்" என்றது ஓடம். "உப்பில்லாக் கஞ்சிதான், பரவாயில்லையா?"