பேர் இல்லாத மடல்

ஒரு பெரிய நகரத்தின் தாவரவியல் பூங்காவில் ஓர் ஆனைக்கற்றாழை இருந்தது. 'செடிகளைக் கீறாதீர்கள்' என்று பக்கத்திலேயே பலகை வைத்திருந்தார்கள். நம் ஊரில் பலகையை யார் மதித்தார்கள்? காதலித்தவர்கள் எல்லாரும் மடலுக்கு மடல் பேர் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

நடுக்குருத்திலிருந்து புதிதாய்ப் பிரிந்த மடலுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அதன் மேல் ஓர் எழுத்துகூட இல்லை. வருகிற ஜோடிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து ஏங்கியது.

"எல்லாம் உன்னால்தான்," என்று தன் நுனியில் இருந்த முள்ளிடம் எரிந்து விழுந்தது. "நீ இப்படி விறைத்துக்கொண்டு நின்றால் யார் கிட்ட வருவார்கள்?"

"உன்னைக் காக்கத்தானே நிற்கிறேன்?"

"உன்னை யார் கேட்டது?"

கீழ் மடல் பெருமையாகச் சிரித்தது. அதன் மேல் 'மு. தினகரன் – வான்மதி' என்று ஆழமாக வெட்டியிருந்தது. "என் மேல் எழுதியவர் ஒருநாள் திரும்பி வருவார், பார்," என்றது.

சொன்னது பலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தினகரன் வந்தான். கூட வந்தது வான்மதி அல்ல, புது மனைவி சுகன்யா.

அவள் குனிந்து படித்தாள். "என்னங்க, இனிஷியல்கூட உங்களுதுதான்!"

தினகரனுக்கு வேர்த்துவிட்டது. "அது... காலேஜ் படிக்கறப்போ. விடு, வா போலாம்."

"மொதல்ல அத அழிங்க."

அவன் வண்டிச் சாவியால் சுரண்டினான். பேர் போகவில்லை, மடல்தான் நார் நாராகக் கிழிந்தது. 'வந்துவிட்டார்' என்று கூவ வாயெடுத்த கீழ் மடல் அப்படியே தொங்கிவிட்டது.

"பார்த்தாயா?" என்று பதறியது முள்.

"பார்த்தேன்," என்றது புது மடல்.

சுகன்யா புது மடலைத் தடவிப் பார்த்தாள். நாளைக்குத் தன் பேரையும் இப்படிச் சுரண்டுவானோ என்று அவளுக்குள் பயம்தான். ஆனாலும் சொன்னாள்: "இது சுத்தமா இருக்கு. இதுல நம்ம பேர எழுதுங்க. அழியாத மாதிரி, ஆழமா."

சாவி நெருங்கியது. "ஒரே குத்து, ஓடிவிடுவான். குத்தட்டுமா?" என்று துடித்தது முள்.

"அந்த மடல் வேறு, நான் வேறு. நீ கொஞ்சம் ஒதுங்கு."

முள் ஒதுங்கியது. முதல் எழுத்துக்கே சாறு வழிந்தது.

"வலிக்கிறதா?"

"யார் சொன்னது?" என்றது மடல், பல்லைக் கடித்துக்கொண்டு.