கயிற்றில் ஏறாத மூன்று நாள்

அண்ணனும் தம்பியும் ஒரே சிம்மாசனத்துக்கு மல்லுக்கட்டினால் குடிமக்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதைச் செம்மணல் நாடு அந்த வருஷம் நன்றாகவே தெரிந்துகொண்டது. ஆற்றுக்கு வடக்கே தம்பி, தெற்கே அண்ணன். தென்கரையிலிருந்த தேரிமங்கலம் அறுபது பேரைப் படைக்கு அனுப்பியது. கூலிக்கு வந்தவர்கள் இல்லை, தாமாக முன்வந்தவர்கள். ஏரையும் தறியையும் போட்டுவிட்டு வந்ததால் நூறு நாள்தான் கெடு. படைத்தலைவர் உடையாண்டி ஊரில் செக்கு ஓட்டுகிறவர். அம்மன் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்: "நூறாம் நாள் பொழுது சாயும்போது எல்லாரையும் விடுவிப்பேன். அதற்கு மேல் ஒரு நாழிகைகூடப் பிடித்து வைக்க மாட்டேன்."

அறுபது வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சேலைத் துண்டு கொடுத்தார்கள். அதைத் தைத்ததுதான் கொடி.

அறுபத்தொன்றாவது ஆள் சமையல்காரர் தொண்டிமுத்து. கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை. சேலை கொடுக்க வீட்டில் ஆளில்லாததால் கொடியில் அவருக்கென்று துண்டும் இல்லை. அதை நினைத்து உட்கார அவருக்கு நேரம் ஏது? இவனுக்குப் புளிப்பு ஆகாது, அவனுக்குத் தீய்ந்த அடிச்சோறு என்றால் உயிர், இதே கவலைதான் நாள் முழுக்க. நாள் கணக்கும் அவர் பொறுப்பு. மத்தியானம் சோற்றுப் பானையை இறக்கியதும் கொடிக்கம்பக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். கயிறு இருக்கும்போது நாம் எதற்கு விரல்விட வேண்டும் என்று அறுபது பேரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

அவர்கள் காத்தது முழங்கால் ஆழத்தில் ஆற்றைக் கடக்கும் துறை. தேரிமங்கலம் அதற்குப் பின்னால் ஒரு ராத்திரி நடைத் தூரம். சண்டை ஒன்றும் வரவில்லை. அமாவாசை தோறும் ஊரிலிருந்து ஒரு மூட்டை அவல் மட்டும் வந்தது. தேரிமங்கலத்தார் எங்கே இருந்தாலும் அமாவாசையன்று அடுப்பு மூட்டமாட்டார்கள்.

தொண்ணூற்றேழாம் முடிச்சு விழுந்த மத்தியானம் ஒற்றன் ஓடிவந்தான். வடகரைப் படை நாளை விடிந்ததும் துறையைக் கடக்கப்போகிறது. இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று எல்லாரும் ஈட்டியைத் தீட்ட உட்கார்ந்தார்கள்.

தொண்டிமுத்து மறுநாளைக்கு அரிசி எடுக்கப் போனார். மூலையில் மூன்று காலி அவல் சாக்குகள் கிடந்தன. மூன்று அமாவாசை. அடுப்பு மூட்டாத நாளில் பானை ஏது, முடிச்சு ஏது? நூறாம் நாள் இன்றைக்கேதான்.

சொன்னால் பையன்கள் கிளம்பிவிடுவார்கள், துறை போகும், ஊரும் போகும். சொல்லாவிட்டால் கடன் தீர்ந்த பிறகு அவர்களை ஏமாற்றிச் சாகக் கொடுத்த மாதிரி. தெரிந்தவர் இவர் ஒருவர்தான். கொஞ்ச நேரம் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தலைவரிடம் போய்ச் சொன்னார்.

உடையாண்டி தீட்டிக்கொண்டிருந்த ஈட்டியைக் கீழே வைத்தார். "ஏன்யா இதை என்கிட்ட சொன்னே?"

"தினமும் என் கையால சாப்பிடுறாங்க அண்ணே. நாளைக்கு எப்படிச் சோறு போடுவேன்?"

பொழுது சாயும்போது உடையாண்டி எல்லாரையும் கூட்டினார். "உங்க நாள் முடிஞ்சது. போறவங்க போகலாம். நான் இருக்கேன்" என்றார்.

மாடக்கண்ணு ஒருவன்தான் எழுந்தான். அவன் மனைவி செண்பகவடிவுக்கு அது நிறைமாதம். நூறு நாளில் வருகிறேன் என்று அவள் தலையைத் தொட்டுச் சொல்லியிருந்தான். யாரும் அவனை ஏசவில்லை. தொண்டிமுத்து வழிக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினார். மற்றவர்கள் இருந்தார்கள்.

மறுநாள் சண்டையில் துறை கைவிட்டுப் போகவில்லை. உடையாண்டிக்கு இரண்டு விரல் போயிற்று. இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. அன்றைக்கும் பழக்கத்தில் அவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்துவிட்டுத் தொண்டிமுத்து அடுப்படியில் அழுதார்.

ஊர் திரும்பியதும் கொடி யாருக்கு என்று பேச்சு வந்தது. படையின் வாக்கைக் காப்பாற்றியவர் வீட்டில்தான் அது இருக்க வேண்டும் என்றது ஊர். துறை கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று சத்தியத்தைக் காத்தவர் உடையாண்டி என்றார்கள் சிலர். நூறு நாள் என்றால் நூறு நாள், சொன்னபடி நடந்தவன் மாடக்கண்ணு ஒருவன்தானே என்றார்கள் வேறு சிலர். தன் பிழையைத் தானே சொன்ன தொண்டிமுத்துவுக்குத்தான் என்றார்கள் இன்னும் சிலர். அந்த ஊர்ப் பெரியவர்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் கொடியை யார் வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

விடை: தொண்டிமுத்து வீட்டுக்கு. மாடக்கண்ணு மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காத்தான், அதில் குற்றமில்லை. உடையாண்டி ஊருக்குச் செய்த சத்தியத்தைக் காத்தார். தொண்டிமுத்து யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் கேட்பாரும் இல்லை. அவர் வாய் திறந்ததால்தான் மற்ற இருவருக்கும் காக்க ஒரு வாக்கு மிஞ்சியது. இறந்த இருவரும் ஏமாந்து சாகாமல், தெரிந்தே நின்று செத்தார்கள். கொடியில் அவர் துண்டு இல்லையே என்று ஒருவர் இழுத்தார். கைக்குழந்தையோடு நின்ற செண்பகவடிவு பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, காலி அவல் சாக்கில் ஒரு துண்டு வெட்டி, அறுபது சேலைக்கும் நடுவில் வைத்துத் தைத்தாள்.