உப்பாத ஃபிரிஃபிரி

“உன் ஊர்ப் பலகாரம் என் வீட்டுல மட்டும் உப்ப மாட்டேங்குது. எதை மறைச்சேன்னு இப்பவே சொல்லிடு.”

சலேத்மேரி தூக்குப் பாத்திரத்தைத் தெயுராவின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

உள்ளே ஃபிரிஃபிரி. பிரெஞ்சு ஆளுகையிலுள்ள தாஹித்தித் தீவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு சுடுகிற தேங்காய்ப் பால் டோனட். மைதாவைத் தேங்காய்ப் பாலில் தளரப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு, ராத்திரி முழுக்க மூடி வைத்து, விடிந்ததும் எட்டு எண் வடிவத்தில் முறுக்கி எண்ணெயில் விட்டால் மெத்தென்று பொங்கி மேலே வரவேண்டும். சலேத்மேரி விட்டது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவள், பிரெஞ்சுப் பட்டாளத்தானைக் கட்டிக்கொண்டு தாஹித்தியிலிருந்து வந்த தெயுராவிடம், அதுவும் தன்னைவிடப் பத்து வயது சின்னவளிடம், மாவு பிசையக் கற்றுக்கொள்ள வந்து நிற்கிறாள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

தெயுரா ஒன்றைப் பிட்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

“ஏலக்காய் போட்டீங்களாக்கா?”

“வாசனைக்குக் கொஞ்சம்.”

“அது போவட்டும். மூடி வெச்சீங்களா?”

“வெச்சேன்.”

“அப்புறம்?”

“பொங்கிச்சான்னு தொறந்து பார்த்தேன்.”

“அப்புறம்?”

“ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். பார்க்காம எப்படி இருக்கறது? இட்லி மாவுன்னா எனக்கே தெரியும். இது அசலூர் மாவு.”

தெயுரா இன்னொரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். சலேத்மேரிக்குப் பொறுக்கவில்லை.

“உனக்கென்ன, உக்காந்து மெல்லுற. அங்க ஹெய்மாத்தா பட்டினி கெடக்கறா.”

ஹெய்மாத்தா சலேத்மேரியின் மருமகள். அவளும் தாஹித்திக்காரிதான். அம்மா செத்துப்போன சேதி வந்த அன்றைக்கு அறைக் கதவைச் சாத்தியவள், இன்னும் திறக்கவில்லை. மகனோ பிரான்சில், பட்டாளத்தில். கஞ்சி வைத்தாலும் மீன் குழம்பு வைத்தாலும் கதவோரம் அப்படியே ஆறிக் கிடக்கிறது. இந்தப் பெண் இப்படியே போய்விடுவாளோ என்று சலேத்மேரிக்குப் பயம். சொந்த ஊர்ப் பலகாரத்தையாவது தின்னமாட்டாளா என்றுதான் இத்தனை பாடும்.

“கதவைத் தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சு. நீயாவது ஒழுங்கா சொல்லித் தா.”

“தர்றேன். கொஞ்சம் கண்ணை மூடி உக்காருங்க.”

மாவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே சலேத்மேரி கண்ணை மூடினாள். மூடியதும் அசதி வந்து அமர்ந்தது. எத்தனை நாள் தூக்கமோ.

“தண்ணி வேணுமாக்கா?”

“வேணாம்.”

தெயுரா கிட்டே நகர்ந்து வந்தாள்.

“இப்ப தேவலையா?”

“ம்.”

தெயுரா ஒரு விரலால் அவள் தோளை அமுக்கினாள்.

“இப்ப?”

சலேத்மேரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு வாய் ஏதாச்சும் சாப்பிடறீங்களா? கொஞ்சூண்டு?”

மறுபடி ஒரு அமுக்கு.

“அடியே, மனுஷியைக் கொஞ்ச நேரம் சும்மா விடமாட்டியா?”

தெயுரா கையை எடுத்துக்கொண்டாள்.

சலேத்மேரி இன்னும் ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தாள். கதவைத் தட்டித் தட்டி வீங்கிய தன் கை கண்ணில் பட்டது. தூக்குப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் மாவு பிசைந்து மூடினாள். மருமகள் அறையைத் தாண்டும்போது கை தானாக மேலே போனது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்படி ஒரு வேதனையை அவள் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை.

விடிந்தது. அடுப்படியில் மாவுக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, அதை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் காலடி கேட்டது.

சாப்பிடறியாம்மா என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். திரும்பியும் பார்க்கவில்லை.

ஹெய்மாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது மாமியாரின் முந்தானை.

“அத்தே,” என்றாள், “எண்ணெ வைங்க.”